மன்சூர் வைத்த புள்ளிகள்

மன்சூர் இறந்த செய்தி வந்தபோது என் கணினியில் படம் திறந்துகொண்டிருந்தது. எங்கள் வரைபட அலுவலகத்தில் திருநெல்வேலியின் குடிநீர்க் குழாய்கள் அத்தனையும் ஒரே படமாகத் திறப்பதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்த இடைவெளியில்தான் அவர் மகள் ஆயிஷா போன் செய்தாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாக" என்றாள். காலைத் தொழுகை முடித்து வந்து சற்றுப் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் "சரிம்மா" என்றேன். இப்படிப்பட்ட செய்திக்குச் சரி என்றா சொல்வார்கள்? போனை வைத்துவிட்டுத் திரும்பினால் படம் திறந்து முடிந்திருந்தது. பேட்டைப் பக்கம் முழுக்க அவர் வைத்த கறுப்புப் புள்ளிகள் கிடந்தன.

அன்று மாலையே அடக்கம். மையவாடியில் எங்கள் அலுவலகத்துக்காரர்கள் ஒரு பக்கமாக நின்றோம். அவரோடு சில காலம் வேலை பார்த்த ஒருவர் என் தோளைத் தொட்டு, "மன்சூர் அண்ணாச்சி வரைஞ்ச மேப்புல ஒரு தப்பு பாக்க முடியுமா சார்?" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அது மனதில் கிடந்து உறுத்துகிறது. மன்சூர் கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பார். அவர் படத்தில் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அவரை அறிந்த உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன். நாம் அவரை மதிப்பதற்கே அந்தத் தப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மன்சூர் வளைகுடாவில் ரொம்ப வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஊர் முழுக்க ஓடும் தண்ணீர்க் குழாய்களைக் கணினியில் கோடாக வரைவது, ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் அகலம், வயது, எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்பதையெல்லாம் ஏற்றுவது. திரும்பி வந்து எங்களோடு சேர்ந்த புதிதில் அடிக்கடி ஒன்று சொல்வார்: "அங்க தண்ணி தூங்காதுவே." ராத்திரி பகல் என்றில்லாமல் குழாயில் தண்ணீர் நிற்கும், ஓட்டம் எப்போதும் ஒரே திசையில் இருக்கும் என்று அர்த்தம். நம் ஊரில் அப்படியில்லை. ஆற்றிலிருந்து தொட்டிக்கு ஏறும் தண்ணீர், தெருவுக்கு முறை வைத்து வருகிறது. ஒரு வால்வைத் திறந்தால் ஒரு பக்கம், இன்னொன்றைத் திறந்தால் மறுபக்கம். மற்ற நேரமெல்லாம் குழாய்க்குள் வெறும் காற்று. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளோ தண்ணீர் தூங்காத ஊர்க்காரர்கள் செய்தது.

எல்லாத் தெருக்களையும் வரைந்து முடித்த பிறகு, தண்ணீர் ஓடும் திசை படத்தில் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். அதற்கு மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் அம்புக்குறி முளைக்கும். அடித்தோம். ஊர் முழுக்க அம்புகள் முளைத்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எங்கள் மேலாளர், வயதில் எங்கள் இருவரையும்விட ரொம்பச் சின்னவர், அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். மேலிடம் இன்னும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அதன் நகல் குழாய் பராமரிக்கிறவர்கள் கைக்கும் போனது.

கொஞ்ச நாளில் பேட்டைக்குக் கிழக்கே ஒரு தெருவில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்தது. எங்கேயோ குழாய் உடைந்து கழிவு நீர் கலக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தோண்டிக்கொண்டே போக வேண்டும். தோண்ட வந்தவர்கள் எங்கள் படத்தை விரித்துப் பார்த்தார்கள். அம்பு மேற்கிலிருந்து கிழக்கே போனது. அதனால் தெருவின் மேற்கு முனையைத் தோண்டினார்கள். குழாய் சுத்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மேற்கே தோண்டினார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. இப்படியே நாட்கள் போயின. தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நானும் மன்சூரும் படத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது ஒரு பெண் எங்களிடம் வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"என் பிள்ளைக்கு அங்கன குளுக்கோஸ் ஏறுது. நீங்க இங்கன வெறும் மண்ணைத் தோண்டிக்கிட்டு நிக்கீக" என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மன்சூர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோண்டுகிறவர்களிடம் போய், "கிழக்கே தோண்டுங்கப்பா. இந்த அம்பை நம்பாதீங்க" என்றார். கிழக்கு முனையில், பாலத்தடியில், குழாய் உடைந்து சாக்கடைக்குள் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன, அந்தப் பெண்ணின் பிள்ளையும்தான்.

பிறகு நடந்த கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பழைய குழாய், பழைய தகவல், மென்பொருளின் கோளாறு. மன்சூர் எழுந்து, "மென்பொருள்ல கோளாறு ஒண்ணும் இல்ல. அந்தத் தெருவை வரைஞ்சது நான். அந்த அம்பு தண்ணி போன வழி இல்ல, என் கை போன வழி" என்றார். விஷயம் இவ்வளவுதான்: கோட்டை எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிக்கிறோமோ அந்தத் திசையில்தான் மென்பொருள் அம்பு போடும். அதற்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? மவுஸ் போன திசை மட்டும்தான் தெரியும். அந்தத் தெருவை மன்சூர் மேற்கிலிருந்து வரைந்திருந்தார்.

ஏன் மேற்கிலிருந்து என்பது மறுநாள்தான் தெரிந்தது. காலையில் நான் வந்தபோது அவர் படத்தின் முன் உட்கார்ந்து தனியே சிரித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவ்வளவு நடந்த பிறகு சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம். "வாரும்வே, இங்கன வந்து பாரும்" என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டார். தச்சநல்லூர்ப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டினார். அது நான் வரைந்த பகுதி. என் வீடும் அங்கேதான். எல்லா அம்புகளும் என் வீட்டைச் சுற்றியிருந்து கிளம்பி நாலாபுறமும் போய்க்கொண்டிருந்தன.

"தாமிரபரணி பொதிகை மலையில உற்பத்தியாகுதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். உம்ம படத்துல அது உம்ம அடுப்படியில உற்பத்தியாகுதேவே!" என்றார்.

பேட்டையை எடுத்தார். அங்கே ஆறு அவர் வீட்டில் உற்பத்தியானது. எங்களோடு வரைந்த இன்னொரு பெண்ணின் பகுதியில் அவள் மாமியார் வீட்டில். தெரிந்த இடத்திலிருந்துதானே யாரும் தொடங்குவார்கள்? அவரவர் வாசலிலிருந்து கோட்டை இழுத்துத் தெரியாத தெருவில் கொண்டுபோய் விட்டிருந்தோம். ஊருக்கே வழிகாட்டும் படம் என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தது, நாங்கள் எங்கெங்கே குடியிருக்கிறோம் என்று காட்டும் படம். சிரித்து முடித்ததும் மன்சூர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார். "அந்தப் பொம்பள முகம் போவ மாட்டேங்குது வே" என்றார்.

புள்ளி வந்தது அன்றைக்குத்தான். நேரில் பார்த்து உறுதி செய்யாத ஒவ்வொரு குழாயிலும் அம்பை எடுத்துவிட்டுக் கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும் என்றார். புள்ளி என்றால் தெரியாது என்று அர்த்தம். மேலாளர் திகைத்துப் போனார். பாதி ஊர் புள்ளியாக இருந்தால் படத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள், வேலை முடியவில்லை என்றல்லவா ஆகும் என்று கேட்டார். அவர் கவலையும் நியாயமானதுதான். படம் ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் எங்கள் எல்லோர் பிழைப்பும் ஆட்டம் காணும்.

மன்சூர் சொன்னார்: "அம்பு இல்லன்னா தோண்டுதவன் நின்னு நாலு பேர்ட்ட கேப்பான். தப்பான அம்பு இருந்தா கேக்காம தோண்டுவான். நான் பாத்துட்டேன் சார், கேக்காம தோண்டுனதை." மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று தொடங்கிய இழுபறி மன்சூர் கண் மூடும்வரை முடியவில்லை.

அப்புறம் எங்கள் காலைகள் எல்லாம் தெருவில்தான். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிறார்களோ அங்கே போய் நிற்பது. அவர் ஸ்கூட்டர் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும், அதனால் என் வண்டியின் பின்னால்தான் வருவார். வரும் வழியெல்லாம் என் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்வார். முழங்கால் வலி, அதையும் சொல்வார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்கிவிடுவார். எழுப்பினால், "கண்ணை மூடிக்கிட்டு யோசிக்கேன், தெரியலையா?" என்பார். நேர்த்தியான மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய எளிய வழி, யார் வீட்டில் முதலில் வருகிறது என்று கேட்பதுதான். கேட்டுப் பார்த்தால்தான் அதன் சங்கடம் புரியும். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு அக்கா, "எங்களுக்குத்தான் கடைசி. முன்வீட்டுக்காரி மோட்டாரப் போட்டு உறிஞ்சிருதா" என்றாள். முன்வீட்டுக்காரியிடம் போனால், "எங்களுக்கா? எங்களுக்குத்தான் கடைசி" என்றாள். தெருவின் அந்த முனையும் கடைசி, இந்த முனையும் கடைசி. முதலில் வருகிறது என்று ஒப்புக்கொண்ட வீட்டை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒப்புக்கொண்டால் நாளைக்கு நம் பங்கைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம்.

"அப்பம் நெல்லைச் சீமையில தண்ணி கடைசியிலேருந்துதான் தொடங்குது, எழுதிக்கிடும்" என்பார் மன்சூர்.

அதனால் யார் பேச்சையும் நம்பாமல் காதை நம்பினார். தண்ணீர் வருவதற்குச் சற்று முன் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேறும். திறந்து வைத்த குழாயில் 'புஸ்' என்று ஒரு சீற்றம் கேட்கும். ஒரு வீட்டில் கேட்டு அடுத்த வீட்டில் கேட்டு, அப்படியே தெருவில் நடந்து போகும். நான் ஒரு முனையில் நிற்பேன், அவர் ஒரு முனையில் நிற்பார். முதலில் கேட்டவர் கையைத் தூக்க வேண்டும். இரண்டு நடுவயதுக்காரர்கள் காலை வேளையில் தெருவின் இரு முனைகளிலும் கை தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு தரம் பார்த்தால் போதாது என்பதும் அவர் சட்டம். வேறொரு தண்ணீர் நாளில் போனால் அதே தெருவில் எதிர்ப்பக்கமிருந்து வரும். "ஒரு தடவ பாத்தா அது சேதி. ரெண்டு தடவ பாத்தாத்தான் அம்பு" என்பார். இரண்டு நாளும் வெவ்வேறாக இருந்தால் இரு தலை அம்பு போடுவார்.

எனக்கு அலுத்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அவருக்கும் அலுத்துத்தான் இருந்தது. ஒரு கோடையில், வெயில் ஏறுமுன் மூன்று தெருவைப் பார்த்துவிட்டு, எதிலும் தண்ணீரே வராமல் அலுவலகம் திரும்பினோம். நான் சொன்னேன்: "போதும்வே. ரெண்டு பேருக்கும் முடி நரைச்சாச்சு. மிச்சப் புள்ளியில ஏதாவது ஒரு அம்பைப் போட்டுத் தொலைப்போம்." அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் முன்னாலிருந்த விசைப்பலகையை என் பக்கம் திருப்பி வைத்தார். "போடும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டேன். ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

ஒரு நாள் அவர் வசமாக என்னிடம் மாட்டினார். பேட்டையில் அவர் குடியிருக்கும் சந்திலேயே ஒரு புள்ளி கிடந்தது. "ஊரெல்லாம் காது வச்சுக் கேக்கீரு, உம்ம சந்துக்கு அம்பு போடலியே" என்று சீண்டினேன்.

"தண்ணி வார நேரம் நான் என்னைக்குவே வீட்ல இருந்தேன்? உம்ம வண்டிக்குப் பின்னாலல்லா இருக்கேன்" என்றார்.

"வீட்ல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். எங்களுக்குத்தான் கடைசிங்கா" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் புள்ளி அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே மேலாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மன்சூரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு, மிச்சமிருக்கும் புள்ளிகளை இனி யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டார். தொட்டியின் உயரத்தையும் தெருவின் மேடுபள்ளத்தையும் வைத்து மென்பொருளே ஊகித்து அம்பு போட்டுவிடும், அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் புள்ளியெல்லாம் போய்விடும், படத்தையும் கொடுத்துவிடலாம் என்றார். மன்சூர் இருக்கும்போது அந்தப் பட்டன் பேச்சை அவர் எடுக்கத் துணிந்ததில்லை. பார்க்கலாம் என்றேன். களைத்துப்போனவன் சொல்லும் பதில் அது. அழுத்திவிடத்தான் நினைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். இருந்த ஒருவரும் போய்விட்டார், தனியாக எந்தத் தெருமுனையில் போய் நிற்பது?

அதற்கு முன் அவர் வீட்டில் ஒரு நடை துக்கம் கேட்டுவிட்டு வரலாம் என்று மறுநாள் காலை பேட்டைக்குப் போனேன். ஆயிஷா சந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அவள் உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் அன்னிய ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. அதனால் வாசல் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார். "நல்லா இருக்கீகளா அண்ணாச்சி? காலையில சாப்பிட்டீகளா?" என்று என்னைத்தான் கேட்டார். துக்கம் கேட்க வந்தவன் நான், சாப்பிட்டேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது சந்தின் கிழக்கு முனையில் 'புஸ்' என்று கேட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வீட்டுக் குழாய் சீறியது. அதற்கடுத்தது. குடங்கள் உருளும் சத்தம் ஒவ்வொரு வாசலாக எங்களை நோக்கி வந்தது. ஆயிஷா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். சந்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் விழத் தொடங்கி, அண்டை வீட்டில் முதல் குடமே நிரம்பிய பிறகு, மன்சூர் வீட்டுக் குழாய் பைய ஒரு மூச்சு விட்டது. அப்புறம் நூல் போலத் தண்ணீர் வந்தது. அந்த வீட்டுக்கு மேற்கே சுவர்தான். நான் என்னை அறியாமல் கையைத் தூக்கியிருந்தேன் போல. ஆயிஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் கடைசி" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி சொன்னார்: "எத்தன தடவ சொன்னேன் அண்ணாச்சி. ஊர்ல எல்லாப் பொம்பளையும் இதைத்தான் சொல்லுதாகன்னு சிரிப்பாக." பிறகு, "இப்பம் நீங்க பாத்துட்டீகள்லா. எழுதிருங்க" என்றார்.

அன்றைக்கு எழுதவில்லை. ஒரு தடவை பார்த்தால் அது சேதிதானே. அடுத்த தண்ணீர் நாளில் மறுபடியும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் கிழக்கிலிருந்தே வந்தது, அன்றைக்கும் அவர்களுக்குத்தான் கடைசி. அலுவலகம் வந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு அம்பு போட்டேன். ஒரு காலத்தில் பேட்டையின் ஆறெல்லாம் உற்பத்தியான அந்த வாசலில் இப்போது அம்பு வந்து முடிகிறது.

மாலையில் மேலாளர் வந்து, "என்ன சார், அந்தப் பட்டன்?" என்றார். நான் விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "நீங்களே அழுத்துங்க சார், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் போயிருந்தார், புள்ளிகள் எல்லாம் இருந்தன. நாளைக்கு வந்து மறுபடி கேட்பார். கேட்கட்டும்.

மன்சூரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: விசைப்பலகையைத் திருப்பி வைக்கும் அந்தப் பழக்கமும், ஊரில் கொஞ்சம் புள்ளிகளும். நாளைக் காலை தச்சநல்லூரில் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு புள்ளி பாக்கி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எங்களுக்குத்தான் கடைசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்குச் சிரிக்காமல் குழாயடியில் போய் நிற்கப் போகிறேன்.